விண்ட்மில்லுக்கு ஒரு தரை: சென்னையில் பிரேக்கிங் பயிற்சிக்கு இடம் பிடிப்பது எப்படி

பெரம்பூர்ப் பக்கம் பிள்ளைகளுக்கு பிரேக்கிங், அதாவது தரையில் கையூன்றியும் சுழன்றும் ஆடுகிற ஹிப்-ஹாப் நடனம், சொல்லித் தருகிறேன். ஸ்டுடியோ கிடையாது. மணிக்கணக்கில் வாடகை கொடுத்துக் கண்ணாடி பதித்த அறை எடுக்கிற வசதி எங்களில் யாருக்கும் இல்லை. அதனால் இடம் தேடுவதும், கிடைத்த இடத்தைத் தக்கவைப்பதும் எங்கள் ஆட்டத்தோடு சேர்ந்தே வந்தவை. புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கும், ஆடத் தெரிந்தும் இடம் இல்லாமல் பாதியில் நிறுத்தியவர்களுக்கும் உதவட்டும் என்று எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் மனதில் வைக்க வேண்டியது: 'நல்ல தரை' என்று பொதுவாக ஒன்று இல்லை. எந்த மூவுக்கு (ஆட்ட அசைவுக்கு) என்பதையும் சேர்த்துத்தான் தரையைப் பார்க்கணும். கை பிடிக்க வேண்டும், முதுகு வழுக்க வேண்டும், ஷூ பாதி பிடித்துப் பாதி வழுக்க வேண்டும். இந்த மூன்றையும் ஒரே தரை தருவது அபூர்வம். எல்லாத்துக்கும் ஒரே இடம் தேடி அலைகிறவர்கள் கடைசியில் எங்கேயும் ஆடுவதில்லை. கையில் இருக்கிற தரை எதற்கு ஒத்துவரும் என்று பார்த்து, அன்றைக்கு அதைப் பயிற்சி செய்யுங்கள்.

டாப்ராக், அதாவது நின்றபடி ஆடுகிற பகுதி, எங்கே வேண்டுமானாலும் ஆடலாம். சிமென்ட் ரோடு, இன்டர்லாக் கல், மொட்டை மாடி, எதுவானாலும் சரி. ஷூ கொஞ்சம் சீக்கிரம் தேயும், அவ்வளவுதான். சிக்ஸ் ஸ்டெப் மாதிரி, கையைத் தரையில் ஊன்றிக் காலைச் சுற்றி நகர்த்துகிற ஃபுட்வொர்க்குக்கு வந்தால் சொரசொரப்பு உள்ளங்கைத் தோலை உரித்துவிடும். ஆட்டத்தின் நடுவே அப்படியே உறைந்து நிற்கிற ஃப்ரீஸுக்கு வழுவழுப்பு முக்கியமில்லை, புழுதி இல்லாமல் இருப்பதுதான் முக்கியம். பேபி ஃப்ரீஸில் முழு உடம்பும் இரண்டு உள்ளங்கையிலும் தலை ஓரத்திலும் நிற்கிறது. கைக்கடியில் மெல்லிய தூசி இருந்தாலே கை நகர்ந்துவிடும், முகம் தரையில் மோதும்.

விண்ட்மில் (காலை விரித்துத் தோளிலும் முதுகிலும் உருண்டு சுற்றுவது), பேக்ஸ்பின் (முதுகில் சுழல்வது) இரண்டுக்கும் தோளும் முதுகும் சிக்காமல் ஓடுகிற தரை வேண்டும். இங்கே வழுவழுப்பைவிடச் சமதளம் பெரிது. டைல்ஸ் இணைப்பில் ஒரு மில்லிமீட்டர் மேடு இருந்தால் கண்ணுக்குத் தெரியாது, முதுகெலும்புக்குத் தெரியும். கையில் எடையைத் தாங்கி உடம்பை வீசிச் சுற்றுகிற ஃப்ளேர், ஏர்ஃப்ளேர் பழகுகிறவர்களுக்கு வேறு கவலை. ஒவ்வொரு சுற்றிலும் எடை முழுக்க மணிக்கட்டில் இறங்குகிறது. கல் தரை அந்த அடியை வாங்காது, அப்படியே திருப்பிக் கொடுத்துவிடும். கொஞ்சமாவது உள்வாங்குகிற மரத்தரை வேண்டும்.

ஹெட்ஸ்பின், அதாவது தலையில் நின்று சுழல்வது பற்றி மட்டும் கண்டிப்பாகவே சொல்கிறேன். 2024-இல் டென்மார்க் மருத்துவர்கள் ஒரு மருத்துவ இதழில், 19 வருடம் ஹெட்ஸ்பின் செய்து உச்சந்தலையில் பெரிய புடைப்பு வளர்ந்து, அறுவை சிகிச்சை செய்து எடுக்க வேண்டி வந்த ஒருவரைப் பற்றி எழுதினார்கள். பயமுறுத்தச் சொல்லவில்லை. பீனி குல்லாய், அதன் மேல் வழுவழுப்பான துணி, அடியில் இணைப்பே இல்லாத சமதளம். இந்த மூன்றும் இல்லாத இடத்தில் ஹெட்ஸ்பின் போடாதீர்கள். என் பிள்ளைகளையும் நான் விடுவதில்லை.

நம்ம ஊர்த் தரைகள்

எனக்கு மொசைக்தான் ராஜா. புதுக் கட்டடங்களில் இப்போது யாரும் போடுவதில்லை. ஆனால் பழைய அரசுப் பள்ளிகள், நூலகங்கள், தேவாலயத்தை ஒட்டிய கூடங்கள், பழைய கல்யாண மண்டபங்கள் என்று தேடினால் இன்னும் கிடைக்கும். சிமென்டில் சலவைக்கல் சில்லுகளைக் கலந்து போட்டு, மெஷின் வைத்துத் தேய்த்துத் தேய்த்து மட்டமாக்கிய தரை அது. அந்தத் தேய்ப்பில்தான் விஷயம் இருக்கிறது. தரையைப் போட்டுக் காயவிட்ட பிறகு மேலே மொத்தமாகத் தேய்ப்பதால் இணைப்பில் மேடு பள்ளம் இருக்காது. பளபளப்பு உண்டு, ஆனால் கண்ணாடி மாதிரி இல்லை. நாற்பது வருடக் கால்கள் நடந்து நடந்து அதில் ஒரு மிருதுவும் வந்திருக்கும். ஷூ சறுக்கும் அளவும் கை பிடிக்கும் அளவும் சரியாக அமைந்த மொசைக்கில் ஒரு முறை ஃபுட்வொர்க் ஆடிவிட்டால், அப்புறம் எந்தத் தரையைப் பார்த்தாலும் அதோடுதான் ஒப்பிடுவீர்கள். அடியில் கான்கிரீட் என்பது ஒன்றுதான் குறை. அதனால் பவர் மூவ் (விண்ட்மில், ஃப்ளேர் மாதிரி சுழல்கிற அசைவுகள்) புதிதாகப் பழகுகிறவர்கள் இதில் ஆரம்பிக்க வேண்டாம்.

ரெட் ஆக்சைடு தரையும் இதே ஜாதி. நல்ல கொத்தனார் கை பட்ட பழைய சிவப்புத் தரை, விரிசல் விடாமல் இருந்தால், பேக்ஸ்பின்னுக்கு அருமை. விரிசல் விட்டிருந்தால் தொடாதீர்கள். ஓரம் பெயர்ந்து நிற்கும், கிழித்துவிடும்.

கிரானைட், விட்ரிஃபைட் டைல்ஸ் இரண்டும் பார்க்க ஆசையாக இருக்கும். முதல் பத்து நிமிடம் நன்றாகவும் இருக்கும். அப்புறம் சென்னை வியர்வை சொட்டும். ஈரமான பாலிஷ் கிரானைட்டில் கை ஊன்றினால் நேராக மணிக்கட்டில்தான் விழ வேண்டும். இந்தத் தரைதான் கிடைத்தது என்றால் இரண்டு காய்ந்த துண்டு வையுங்கள், ஒன்று உடம்புக்கு, ஒன்று தரைக்கு. ஒருவர் ஆடி முடித்ததும் அடுத்தவர் இறங்குமுன் தரையைத் துடைப்பதை வழக்கமாக்குங்கள். சிலர் சட்டை நன்றாக ஓடட்டும் என்று கேரம் பவுடரோ டால்கம் பவுடரோ தூவுவார்கள். தனக்கு வேண்டிய வழுக்கல் அடுத்து இறங்குகிறவன் கைக்கும் வந்துவிடும். எங்கள் பயிற்சியில் பவுடர் கூடாது. தரை ரொம்ப வழுக்கினால் மேடை நடனக்காரர்கள் கோலா பானத்தைத் தண்ணீரில் கலந்து லேசாகத் துடைத்துவிடுவார்கள். அந்தச் சர்க்கரை கொஞ்சம் பிடிப்புக் கொடுக்கும். உங்கள் சொந்தத் தரை என்றால் செய்து பாருங்கள். அடுத்தவர் இடத்தில் எறும்பு வரவழைத்துவிட்டுப் போகாதீர்கள்.

பார்க்கிங் டைல்ஸ், அந்தக் கட்டம் கட்டமாக இருப்பது, நின்று ஆடுவதற்கு மட்டும். இன்டர்லாக் கல்லும் அப்படியே. கடப்பா கல் பாலிஷ் போட்டதா, கரடாக விட்டதா என்று பார்க்கணும். மொட்டை மாடித் தட்டோடு பகலில் வாங்கின வெயிலை ராத்திரி எட்டு மணி வரைக்கும் கக்கிக்கொண்டிருக்கும். இணைப்புகளும் தேய்ந்து போயிருக்கும். மொட்டை மாடி வேண்டுமென்றால் காலை ஆறு மணிக்குப் போங்கள், மேலே விரிக்க ஏதாவது எடுத்துக்கொண்டு போங்கள். கார்ப்பெட் விரித்த ஹால் என்று யாராவது கூப்பிட்டால் சந்தோஷப்பட வேண்டாம். முழங்கையிலும் தோளிலும் தோல் தீய்ந்து போகும்.

ஐந்து நிமிடம் தரையைப் பாருங்கள்

புது இடத்தில் பாட்டைப் போடுவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். போன் டார்ச்சைப் போட்டு, போனைத் தரையோடு தரையாகப் படுக்க வையுங்கள். வெளிச்சம் மேலிருந்து விழக் கூடாது, தரையை ஒட்டிப் பக்கவாட்டில் ஓடணும். நீங்களும் குனிந்து கன்னம் தரைக்குப் பக்கத்தில் வருகிற மாதிரி பாருங்கள். மேலிருந்து பார்த்தபோது சுத்தமாகத் தெரிந்த தரையில் ஒவ்வொரு மணல் துகளும் நீளமாக நிழல் விட்டு நிற்கும். உடைந்த டைல்ஸ் மூலை, பாதி புதைந்த ஆணித்தலை, மெழுகுச் சொட்டு, ஸ்டேப்ளர் பின், இணைப்பில் ஒரு டைல்ஸ் மற்றதைவிடத் தூக்கி நிற்பது எல்லாம் அந்த வெளிச்சத்தில் தப்பாது. கல்யாண மண்டபத் தரை என்றால் குண்டூசியும் கண்டிப்பாகத் தேடுங்கள். பூ அலங்காரம் செய்கிறவர்களும் புடவை கட்டிவிடுகிறவர்களும் விட்டுப் போனது எங்காவது ஒன்று கிடக்கும்.

அப்புறம் விரல் மடக்கித் தரையைத் தட்டிக்கொண்டே போங்கள். டைல்ஸுக்கு அடியில் சிமென்ட் பிடிக்காமல் காலியாக இருந்தால் சத்தம் மாறும். அந்த டைல்ஸ் மேல் குதித்தால் உடையும். உடைந்தால் இடமும் போகும். உள்ளங்கையைக் காய்ந்தபடி ஒரு முறை, எச்சில் தொட்டு ஒரு முறை இழுத்துப் பாருங்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் வியர்த்த பிறகு அது உங்களை ஏமாற்றும். கடைசியாக ஒரு காலி வாட்டர் பாட்டிலைப் படுக்க வைத்துக் கையை எடுங்கள். உருண்டு போனால் சரிவு இருக்கிறது. மொட்டை மாடியிலும் கார் நிறுத்துமிடத்திலும் தண்ணீர் வடிவதற்கு வாட்டம் வைத்துத்தான் கட்டுவார்கள். அந்த வாட்டத்தில் விண்ட்மில் போட்டால் சுற்றச் சுற்ற ஒரு பக்கமாகவே நகர்ந்து, தூணில் போய் நிற்பீர்கள். ஃபுட்வொர்க்குக்கு அது பெரிய தொந்தரவு இல்லை.

இடத்தின் அளவும் இதிலேயே சேர்த்தி. ஒருவர் தரையில் சுற்ற எட்டுக்கு எட்டு அடி போதும். ஆனால் அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் மூன்றடியாவது காலியாக இருக்கணும். ஃப்ளேர் பழகுகிற பையனின் கால் எங்கே போகும் என்று அவனுக்கே தெரியாது. தூண், படிக்கட்டு முனை, தண்ணீர் மோட்டார், ஸ்டாண்ட் போட்ட பைக் எதுவும் அந்த எல்லைக்குள் இருக்கக் கூடாது.

எங்கே தேடுவது

மாநகராட்சிப் பூங்காவில் ஆரம்பியுங்கள். அங்கே நடைபாதையைப் பார்க்காதீர்கள், அது நடக்கிறவர்களுடையது. சின்ன மேடை, கூரை போட்ட வட்ட மண்டபம், சில பூங்காக்களில் இருக்கிற ஸ்கேட்டிங் தளம், இவைதான் நமக்கு. ஸ்கேட்டிங் தளம் நல்ல மட்டமாக, தேய்த்துப் பாலிஷ் செய்த சிமென்ட். சக்கரம் ஓடுவதற்காகப் போட்டது என்பதால் இணைப்பும் மேடும் குறைவு. சாயங்காலம் குழந்தைகளுக்கு வகுப்பு நடக்கும். விடிகாலையிலும், வகுப்பு முடிந்து பூங்கா மூடுவதற்கு முந்தைய நேரத்திலும் சும்மா கிடக்கும். வகுப்பு எடுக்கிறவரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். அவருக்கும் தளம் சுத்தமாக இருப்பது லாபம்தான்.

யாரும் யோசிக்காத இடம் கல்யாண மண்டபம். ஆடியிலும் மார்கழியிலும் நம்மூரில் கல்யாணம் வைப்பதில்லை. ஜூலை பாதியிலிருந்து ஆகஸ்ட் பாதி வரை, டிசம்பர் பாதியிலிருந்து ஜனவரி பாதி வரை பல மண்டபங்கள் பூட்டிக் கிடக்கும். சின்ன மண்டபத்து மேனேஜரிடம் "ஏசி வேணாம், ஜெனரேட்டர் வேணாம், ரெண்டு ட்யூப்லைட்டும் ஃபேனும் போதும். வாரத்துல மூணு நாள், ரெண்டு மணி நேரம். கூட்டிப் பெருக்கிக் குடுத்துட்டுப் போறோம்" என்று கேளுங்கள். கரண்டுக்கும் காவலாளிக்கும் ஒரு சின்னத் தொகை பேசி முடிக்கலாம். மணவறை இருக்கிற ஹாலைவிடக் கீழே இருக்கிற பந்தி ஹால்தான் நமக்கு ஏற்றது. மேசை நாற்காலிகளை ஓரம் கட்டினால் பெரிய தரை. ஆனால் அதில் எண்ணெய்ப் பிசுக்கும் பாயசப் பிசுக்கும் ஊறியிருக்கும். முதல் நாள் ஆட வேண்டாம். சோப்புத் தூள் போட்டு எல்லாரும் சேர்ந்து தேய்த்துக் கழுவுங்கள், காயவிடுங்கள், மறுநாள் ஆடுங்கள். இங்கே மார்கழி வாய்ப்பது இரட்டிப்பு நல்லது. அப்போது சென்னையில் வெக்கை குறைந்திருக்கும், எவ்வளவு நேரம் ஆடினாலும் தாங்கும்.

பேட்மின்டன் அகாடமிகள் காலையிலும் சாயங்காலமும் நிரம்பி வழியும். பதினொன்றிலிருந்து மூன்று மணி வரை ஈ ஆடும். கோர்ட்டில் சிந்தெடிக் மேட் இருந்தால் அதன் மேல் சுழலக் கூடாது, மேட்டும் கெடும், உடம்பும் உராயும். கோர்ட்டுக்கு வெளியே இருக்கிற மரத்தரை ஓரத்தைக் கேளுங்கள். கராத்தே, சிலம்பம் சொல்லித் தருகிற கூடங்களில் பசில் மாதிரி கோத்துப் போடுகிற ஃபோம் மேட் இருக்கும். அதில் சறுக்க முடியாது. ஆனால் ஃப்ரீஸ் விழுந்து விழுந்து பழக, கையில் நிற்கக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை. முதல் மூன்று மாதத்துக்கு ஒரு பிள்ளைக்கு அதுவே போதும்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறவர்களுக்குப் பொதுக்கூடம் ஒன்று இருக்கும். பெரும்பாலும் வருடத்தில் சில பிறந்தநாளுக்கு மட்டும்தான் திறப்பார்கள். சங்கச் செயலாளர் "டான்ஸா? இங்கயா?" என்று இழுத்தால் எனக்குப் பிடித்த ஒரு பதில் உண்டு. இந்த ஹிப்-ஹாப் மொத்தமும் பிறந்ததாகச் சொல்லப்படுவதே ஒரு குடியிருப்பின் பொது அறையில்தான். நியூயார்க் பிராங்ஸில், செட்ஜ்விக் அவென்யூ 1520-ஆம் எண் கட்டடத்தில், 1973 ஆகஸ்ட் 11 அன்று டிஜே கூல் ஹெர்க் பாட்டுப் போட்ட விருந்து அது. பள்ளி திறக்குமுன் உடுப்பு வாங்கப் பணம் சேர்க்க அவருடைய தங்கை ஏற்பாடு செய்தது. அங்கே ஆரம்பித்த ஆட்டம் 2024 ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்குப் போய், ப்ளாஸ் த லா கான்கார்ட் சதுக்கத்தில் ஜப்பானின் அமியும் கனடாவின் ஃபில் விசார்டும் தங்கம் வாங்கினார்கள். அதற்கு முந்தைய வருடம் ஹாங்ஜோ ஆசிய விளையாட்டிலும் இருந்தது. "விளையாட்டுப் பயிற்சி" என்று மனு எழுதுங்கள். அது உண்மையும்கூட, செயலாளருக்கும் கையெழுத்துப் போடச் சுலபம்.

கடற்கரைக்கு வருவோம். பெசன்ட் நகர், மெரினா இரண்டிலும் நடைபாதை ஓரக் கல் தரையைப் பார்த்ததும் ஆடத் தோன்றும். மணல்தான் சிக்கல். காற்று எந்நேரமும் துகள்களைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டே இருக்கும். கல்லும் உள்ளங்கையும் சேரும் இடத்தில் அந்தத் துகள்கள் சின்னச் சின்ன உருளையாகிக் கையை வாரிவிடும். துடைப்பம் கொண்டுபோய்ப் பெருக்கினாலும் கால் மணி நேரம்தான். டாப்ராக் மட்டும் ஆடுங்கள். மணலின் பெருமை வேறு இடத்தில். பல்டி பழக மெரினா மணலைவிட மலிவான மேட் இல்லை. தண்ணீர் ஓரத்து ஈர மணல் கல் மாதிரி, மேலே இருக்கிற புதை மணல் கணுக்காலைத் திருகும். இரண்டுக்கும் நடுவே, மிதித்தால் பாதம் ஓரளவு பதிகிற இடத்தைத் தேடுங்கள். குதிப்பதற்கு முன் அந்தச் சுற்றளவைக் காலாலும் கையாலும் கிளறிப் பார்ப்பது கட்டாயம். பாட்டில் சில்லும் தூண்டில் முள்ளும் மணலுக்குள் இருக்கும்.

ரயில் நிலையங்களைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். நம் பறக்கும் ரயில் நிலையங்களின் அகலமான, ஆள் இல்லாத கூடங்களைப் பார்த்தால் யாருக்கும் கை பரபரக்கும். ஜப்பானில் கவாசாகி நகரத்து முசாஷி மிசோனோகுச்சி நிலையத்தின் கூடத்தில் எத்தனையோ வருடங்களாக பிரேக்கிங் பயிற்சி நடக்கிறது, அந்த ஊருக்கே அதனால் பெயர். பாரிஸில் 'சாங்காத்ர்' என்ற கலை மையத்தின் பெரிய கூடத்தில் யார் வேண்டுமானாலும் வந்து ஆடலாம். நமக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று நான் மனதார ஆசைப்படுகிறேன், கேட்டுக்கொண்டும் இருக்கிறேன். ஆனால் இங்கே எழுத்தில் அனுமதி இல்லாமல் ரயில்வே இடத்தில் ஆடாதீர்கள். அத்துமீறல் என்று வழக்குப் பதிந்தால், கஷ்டம் பதினாறு வயதுப் பையனின் வீட்டுக்குத்தான் போகும்.

தரையைக் கையோடு கொண்டுபோவது

இடம் இருக்கிறது, தரைதான் மோசம் என்றால் கவலை வேண்டாம். எண்பதுகளில் நியூயார்க் பிள்ளைகள் நடைபாதையில் அட்டையையும் லினோலியத்தையும் விரித்துத்தான் ஆடினார்கள். நாமும் அதையே செய்யலாம்.

அட்டை என்றால் ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் வந்த பெட்டி. கோடையில் வீட்டுச் சாமான் கடைகளின் பின்பக்கம் நிறையக் கிடைக்கும். இல்லாவிட்டால் பழைய பேப்பர் கடையில் எடை போட்டு வாங்கலாம். ஐந்து பிளை, ஏழு பிளை (காகித அடுக்கு) அட்டையைக் கேளுங்கள். மூன்று பிளை ஒரே நாளில் நசுங்கிவிடும். பெட்டியைப் பிரித்து, உள்ளே ஓடுகிற நெளி வரிகள் ஒரு அடுக்கில் நீளவாக்கிலும் அடுத்த அடுக்கில் குறுக்கிலும் வருகிற மாதிரி இரண்டு அடுக்காகப் போடுங்கள். அப்படிப் போட்டால் எந்தப் பக்கம் அழுத்தினாலும் மடங்காது. ஸ்டேப்ளர் பின், பேக்கிங் கிளிப் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, இணைப்பின் மேல் அகலமான பிரவுன் டேப் ஒட்டுங்கள், நாலு ஓரத்தையும் தரையோடு ஒட்டுங்கள். விண்ட்மில் பழக இது போதும். மழை ஈரமோ வியர்வையோ ஊறினால் உப்பிவிடும், தூக்கிப் போட்டுவிட்டு வேறு எடுங்கள்.

பிவிசி ரோல் இன்னும் நல்லது. பாரிமுனைப் பக்கத் தெருக்களிலும், தரை விரிப்பு விற்கிற எந்தக் கடையிலும் மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள். மர டிசைன் போட்ட சில ரோல்களில் மேற்பரப்பில் வரி வரியாகச் சொரசொரப்பு அச்சிட்டிருப்பார்கள், அது வேண்டாம். கையால் தடவி, மட்டமாக இருப்பதை எடுங்கள். இரண்டு மில்லிமீட்டர் கனமாவது இருக்கட்டும். மெல்லியது சுருண்டு மடிப்பு விழும், அந்த மடிப்பில் தோள் சிக்கும். டிசைன் வெளிப்பக்கம் வருகிற மாதிரி சுருட்டி, நிறுத்தி வையுங்கள். வெயிலில் காரின் மேல் கட்டிக்கொண்டு போகாதீர்கள். பழைய பிளெக்ஸ் பேனரை விரிக்கிறவர்களும் உண்டு. அது தரையோடு ஒட்டி நிற்காது, காலோடு வந்துவிடும்.

ப்ளைவுட்தான் நிலையான தீர்வு. நாலு பேர் பணம் போட்டால் முடியும். எட்டுக்கு நாலு அடி ஷீட் இரண்டு, 12 மில்லிமீட்டர் கனம். ஒரு ஷீட்டே இருபது கிலோவுக்கு மேல் வரும், மாடிப்படி திருப்பத்தில் ஏறாது. அதனால் கடையிலேயே நாலுக்கு நாலாக வெட்டி வாங்குங்கள். அடியில் அந்த ஃபோம் பசில் மேட்டைப் போட்டு, மேலே நாலு துண்டையும் சேர்த்து வைத்து, இணைப்பில் டேப் ஒட்டினால் எட்டுக்கு எட்டு. தரைக்கும் பலகைக்கும் நடுவே இருக்கிற அந்த ஃபோம்தான் மணிக்கட்டையும் இடுப்பெலும்பையும் காப்பாற்றுகிறது. பார்க்கிங் டைல்ஸ் மேலேயும் இதை விரித்து ஆடலாம். மேலே பளபள மைக்கா ஒட்டாதீர்கள், வியர்வையில் வழுக்கும். உப்புத்தாள் தேய்த்து, பளபளப்பு இல்லாத வார்னிஷ் ஒரு கை அடித்தால் சரி. கட்டட வேலைக்குப் பயன்படுத்திய சென்ட்ரிங் ப்ளை மலிவாகக் கிடைக்கும். வழுவழுப்பாகவும் இருக்கும். ஆணித் துளையும் ஒட்டிக் காய்ந்த சிமென்டும் இல்லாத பலகையாக ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து எடுக்கணும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பலகையைத் தரையில் படுக்க வைக்காதீர்கள். செங்கல் மேல் நிறுத்தி, சுவரில் சாய்த்து வையுங்கள்.

கிடைத்த இடத்தை விடாமல் இருக்க

இது தரையைவிடப் பெரிய விஷயம். இடத்தைக் கொடுப்பது அதிகாரி கையெழுத்து, ஆனால் தினமும் கதவைத் திறப்பவர் காவலாளி. நாங்கள் ஆடுகிற பூங்காவின் காவலாளி ஐயா முதல் நாள், "பத்துப் பசங்க சேர்ந்தா நாளைக்கு என்னைத்தான் கேப்பாங்க" என்றார். நியாயமான பயம். எங்கள் எல்லார் பெயரையும், வீட்டுப் பெரியவர் ஒருவரின் போன் நம்பரையும் ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுத்தேன். எத்தனை மணிக்கு முடிப்போம் என்றும் அதில் எழுதியிருந்தது. அந்த நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே பாட்டை நிறுத்துவோம், அதில் இன்றைக்கும் மாற்றம் இல்லை. ஆடுமுன் பெருக்குவது நமக்காக. ஆடிய பின் பெருக்குவது அவருக்காக. இரண்டு தடவையும் பெருக்குங்கள்.

ஸ்பீக்கர் சத்தம் எல்லாருக்கும் தெரிந்த பிரச்சினை. மாடியில் ஆடும்போது கீழ்வீட்டுக்குப் பாட்டைவிட உடம்பு விழுகிற சத்தம்தான் கேட்கும். ஆரம்பிக்கும் முன் கீழ்வீட்டில் ஒருவரை நிற்கச் சொல்லி, மேலே குதித்துப் பாருங்கள். மார்ச், ஏப்ரல் பொதுத்தேர்வு நேரத்தில் குடியிருப்புக்குள் பாட்டே வேண்டாம். ஒருவர் கைத்தட்டிக் கணக்குச் சொல்ல, மற்றவர் ஆடலாம். ஃபுட்வொர்க் சுத்தமாக வருவதற்கு அது நல்ல வழி.

பெண் பிள்ளைகள் உங்களோடு ஆடினால் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் முறையே மாறணும். நல்ல வெளிச்சம், தாழ்ப்பாள் போடக்கூடிய கழிப்பறை, இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேரும் நேரம், பஸ் நிறுத்தம் பக்கம். தரை கொஞ்சம் சுமாராக இருந்தாலும் இவை இருக்கிற இடத்தையே நான் எடுப்பேன். எங்கள் குழுவில் இரண்டு பெண்கள் மொசைக் ஹாலை விட்டுவிட்டு சமுதாய நலக்கூடத்தின் டைல்ஸ் தரைக்கு வந்தது இதனால்தான். இப்போது அங்கே ப்ளைவுட் போட்டு ஆடுகிறார்கள், அவர்கள் அம்மாக்கள் ஓரத்தில் நாற்காலி போட்டுப் பார்க்கிறார்கள்.

எந்த இடமும் ஒரு நாள் போகும். புது மேனேஜர் வருவார், பூங்காவில் வேலை தொடங்குவார்கள், ஆடி முடிந்து முகூர்த்த சீசன் ஆரம்பிக்கும். ஆகவே எப்போதும் இரண்டு இடம் கையில் இருக்கட்டும், ஒன்று கூரை உள்ளது, ஒன்று திறந்தவெளி. மூன்றாவதற்குப் பேச்சு நடந்துகொண்டிருக்கட்டும். நீங்கள் பார்த்த நல்ல தரையை உங்களுக்குள் வைத்துக்கொள்ளாமல் பக்கத்துப் பேட்டைக் குழுவுக்கும் சொல்லுங்கள். மனு கொடுக்கும்போது இருபது கையெழுத்து இருந்தால் வார்டு ஆபீஸில் கேட்கிற மாதிரியே வேறு.